எல்கேஜி குலுக்கலில் பெற்றோரின் வரிசையையும் பாருங்கள்

தமிழ்நாடு தனியார் பள்ளிகள் இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஏழை, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்கான சேர்க்கை பற்றியது இந்த மடல். குறைகளைப் பட்டியல் போட்டால் நீளமாகத்தான் வரும். நீளமான பட்டியல்களுக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும் என்பதால் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்கிறேன். ஒரு பெற்றோர் ஐந்து பள்ளிகள் வரை தேர்ந்தெடுக்கும்போது, அதில் எது முதல் விருப்பம், எது இரண்டாவது என்று அவர்களிடம் கேளுங்கள். கேட்ட வரிசையை வைத்து சென்னை மாவட்டம் முழுவதற்கும் ஒரே குலுக்கலாக நடத்துங்கள். அந்த வரிசையை எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்பதை விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே எளிய தமிழில் சொல்லிவிடுங்கள்.

வியாசர்பாடியில் சிறிய பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் விண்ணப்பம் திறந்துவிட்டால் கடை வாசல் முழுக்கச் செருப்பாக இருக்கும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்று, ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் என்று தாசில்தார் கொடுத்த சான்று எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் சுருண்டு கிடக்கும். அதெல்லாம் சமாளிக்கிற விஷயம்தான். ஸ்கேன் செய்து ஏற்றி முடித்து, பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கிற பக்கம் வந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: “அண்ணா, எந்த ஸ்கூலை முதல்ல போட்டா கிடைக்கும்?”

எதை முதலில் போட்டாலும் ஒன்றுதான் என்பது இதற்கு நேர்மையான பதில். அதை யாரும் நம்புவதில்லை. தெருவுக்குத் தெரு ஒரு ரகசியம் உலவுகிறது. ஒரே ஒரு பள்ளியை மட்டும் போட்டால்தான் அந்தப் பள்ளிக்காரர்கள் மதிப்பார்கள் என்பார் ஒருவர். பெரிய பள்ளியை முதலில் போட்டால் சின்னப் பள்ளிக்காரர் கோபித்துக்கொள்வார் என்பார் இன்னொருவர். கவுன்சிலர் வீட்டில் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று பாதி விண்ணப்பத்தோடு எழுந்து போனவர்களும் உண்டு. விதி என்ன என்று தெளிவாகச் சொல்லாத இடத்தில் வதந்திதான் விதியாகிவிடுகிறது.

இப்போது நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. ஜூலை 31-க்குள் 3 வயது நிறையும் குழந்தைக்கு எல்கேஜிக்கு விண்ணப்பிக்கலாம். வீடு இருக்கும் இடத்தைக் குறித்தால் 1 கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிகள் திரையில் வரும். அதில் ஐந்து வரை எடுக்கலாம். ஒரு பள்ளியில் இருக்கும் இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாகிவிட்டால் அந்தப் பள்ளியிலேயே, அலுவலர் முன்னிலையில், பெற்றோர் கண்ணெதிரே குலுக்கல். அடுத்த பள்ளியில் அதற்குத் தனிக் குலுக்கல். இந்தப் பள்ளியில் யார் பெயர் விழுந்தது என்பது அந்தப் பள்ளிக்குத் தெரியாது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஐந்து பள்ளிகளுக்குப் போட்ட ஒரு பிள்ளைக்கு மூன்று இடத்தில் பெயர் விழலாம். அதே ஐந்துக்குப் போட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஓரிடத்திலும் விழாமல் போகலாம். மூன்று இடம் கிடைத்தவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விடுவதற்கு நாளாகும். எது நல்லது என்று மாமியார் வீட்டில், அலுவலகத்தில், முதலாளியம்மாவிடம் எல்லாம் கேட்பார்கள், அதில் தப்பும் இல்லை. அதுவரை காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர் பள்ளி வாசலுக்கும் வேலைக்கும் நடுவே அலைய வேண்டும். குலுக்கல் ஒரே நாளில் நடப்பதால் அப்பா ஒரு பள்ளிக்கு, அம்மா இன்னொரு பள்ளிக்கு, பாட்டி மூன்றாவதற்கு என்று குடும்பமே பிரிந்து போய் நிற்கிறது. தினக்கூலிக்காரர் வீட்டில் அன்றைக்கு இரண்டு பேர் சம்பளம் போச்சு.

இதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பள்ளி. இரண்டு வீட்டாருமே இரண்டு பள்ளிகளுக்கும் விண்ணப்பிக்கிறார்கள், எது கிடைத்தாலும் சரி என்று. இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியும், அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு இந்தப் பக்கத்துப் பள்ளியும் விழுகிறது. இரண்டு குடும்பமும் மாற்றிக்கொண்டால் இரண்டு பேருக்குமே நல்லது, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மாற்றிக்கொள்ள வழி கிடையாது. யாருக்கு எது வேண்டும் என்று தொடக்கத்தில் யாரும் கேட்கவே இல்லையே.

எல்லாம் ஒரு கிலோமீட்டருக்குள்தானே, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நுங்கம்பாக்கத்தில் உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். எங்கள் பக்கம் வந்து பாருங்கள். வரைபடத்தில் 700 மீட்டர் இருக்கும் பள்ளிக்குப் போக கணேசபுரம் சுரங்கப்பாதையைத் தாண்ட வேண்டும் என்றால், மழைக்காலத்தில் அந்தப் பள்ளி இருக்கிறது என்பதையே மறந்துவிடலாம். கேப்டன் காட்டன் கால்வாய்க்கு அக்கரையில் இருக்கும் பள்ளி கண்ணுக்குத் தெரியும், ஆனால் பாலம் இருக்கும் இடம் வரை நடந்து சுற்ற வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் வீடு இருப்பவர்களிடம் ஒரு கிலோமீட்டர் என்று சொன்னால் சிரிப்பார்கள். கேட் போட்டுவிட்டால் அது எத்தனை நிமிடம் என்று அவர்களுக்கே தெரியாது. மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் அம்மாவுக்கு இதெல்லாம் கணக்கு. அண்ணன் படிக்கும் பள்ளியா, தெரிந்த ஆட்டோ அந்த வழியாகப் போகுமா, வேலைக்குப் போகிற வழியில் விட்டுவிட முடியுமா, வேன் வைத்துத்தான் ஆக வேண்டுமா என்பதும் கணக்கு. கல்விக் கட்டணத்தை அரசு கொடுத்துவிடும். வேன்காரருக்கு யார் கொடுப்பது? ஒவ்வொரு அம்மாவும் மனதுக்குள் இந்தக் கணக்கையெல்லாம் போட்டு வரிசையைத் தயாராகத்தான் வைத்திருக்கிறார். விண்ணப்பம் அதை வாங்கிக் குலுக்கலுக்குக் கொண்டுபோவதில்லை, அவ்வளவுதான்.

சரி, மாற்று என்ன? வெளிநாட்டுக்கு முன்னால் கிண்டி வரை போனால் போதும். பொறியியல் கலந்தாய்வு முன்பெல்லாம் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பெட்டி படுக்கையோடு நடந்தது. 2018 முதல் ஆன்லைனுக்கு வந்துவிட்டது. மாணவர்கள் விருப்பக் கல்லூரிகளை வரிசையாகப் பதிவு செய்கிறார்கள். தரவரிசையில் முன்னால் இருப்பவரின் பட்டியலை முதலில் எடுத்து, மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் இருக்கும் முதல் கல்லூரியைக் கொடுக்கிறார்கள். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று போகிறது. மதிப்பெண், பிறந்த தேதி எல்லாமே சமமாகிவிட்டால் பிரிப்பதற்குச் சமவாய்ப்பு எண், அதாவது ரேண்டம் எண். அந்த எண் வெளியாவதே ஒவ்வோர் ஆண்டும் செய்தியாகிறது. “கிடைக்குமான்னு யோசிக்காதே, உனக்கு எது பிடிச்சிருக்கோ அதை மேல போடு” என்று பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு எல்லா ஆசிரியர்களும் சொல்கிறார்கள். அங்கே அந்த அறிவுரை சரியானது, ஏனென்றால் முறை அப்படி அமைந்திருக்கிறது.

எல்கேஜியில் மதிப்பெண் கிடையாது, இருக்கவும் கூடாது. குழந்தையைச் சோதித்துப் பார்த்துச் சேர்ப்பதைச் சட்டமே தடுக்கிறது. ஆகவே எல்லோருக்கும் சமவாய்ப்பு எண் மட்டும். ஒரு பிள்ளைக்கு ஓர் எண். 1-ஆம் எண்காரரின் பட்டியலை எடுங்கள், முதல் பள்ளியைக் கொடுங்கள். 2-ஆம் எண்காரருக்கு, அவர் பட்டியலில் இடம் மிச்சமிருக்கும் முதல் பள்ளி. இப்படியே கடைசி எண் வரை. ஒரு பிள்ளைக்கு ஓர் இடத்துக்கு மேல் விழவே விழாது. ரயில் பாதைக்கு இருபுறமும் மாறி விழுந்த கதையும் நடக்காது. ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், தூய்மைப் பணியாளர்களின் குழந்தைகள் போன்றோருக்கு இப்போது குலுக்கலுக்கு முன்பே தரும் முன்னுரிமை அப்படியே இருக்கட்டும். அவர்கள் பட்டியலை முதலில் எடுத்துவிட்டால் முடிந்தது. மென்பொருள் எழுதுகிறவர்களைத் தேடி எங்கேயும் போக வேண்டாம், மாநிலத்திடமே இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வரிசையைக் கேட்டுவிட்டு அதைத் தவறாகப் பயன்படுத்தினால், கேட்காமல் இருப்பதைவிட மோசமாகிவிடும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. அங்கே அரசுப் பள்ளிகளில் மழலையர் வகுப்பு உட்பட சில வகுப்புகளுக்குப் பெற்றோர் வரிசை போட்டுக் கொடுக்க வேண்டும். முதலில் எல்லோருடைய முதல் விருப்பத்தையும் எடுத்துப் பள்ளிகளை நிரப்பிவிடுவார்கள். மிச்சமிருந்தால்தான் இரண்டாவது விருப்பம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும், நம் அலுவலகத்திலும் யாராவது இதைத்தான் முதலில் முன்மொழிவார் என்று பந்தயம் கட்டுவேன்.

என்ன ஆகும் என்று எங்கள் தெருவை வைத்தே சொல்கிறேன். அ என்று ஒரு பள்ளி, எல்லோருக்கும் பிடித்தது. ஆ பரவாயில்லாத பள்ளி. இ தூரம், வேன் வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓரிடம். ஆட்டோ ஓட்டுநரின் மகனுக்கு எண் 1, தையல் வேலை செய்யும் அம்மாவின் மகளுக்கு எண் 2, வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளைக்கு எண் 3. முதல் இருவரும் மனதில் இருப்பதை அப்படியே அ, ஆ, இ என்று எழுதுகிறார்கள். மூன்றாமவர் ஆ பள்ளியை முதலில் எழுதுகிறார். பாஸ்டன் முறையில் அ பள்ளி ஆட்டோக்காரர் மகனுக்கு. முதல் விருப்பச் சுற்றிலேயே ஆ பள்ளி மூன்றாம் எண்காரருக்குப் போய்விடும். தையல்கார அம்மா இரண்டாவது விருப்பத்தோடு வரும்போது கதவு சாத்தியிருக்கும். அவருடைய எண் 2, இடம் வாங்கியவர் எண் 3. அவர் செய்த ஒரே குற்றம், உண்மையான ஆசையை முதலில் எழுதியது. ஆ பள்ளிதான் எனக்கு முதல் விருப்பம் என்று பொய் எழுதியிருந்தால் கிடைத்திருக்கும். நான் மேலே சொன்ன முறையில் அவருக்கு ஆ கிடைத்துவிடும். மூன்றாம் எண்காரருக்கு இ. மூன்றாம் எண்காரருக்கு அது சந்தோஷமாக இருக்காது, ஆனால் எண் அப்படி விழுந்தது, வேறு யாரும் தந்திரம் செய்து வாங்கவில்லை என்று அவரிடம் சொல்லலாம்.

பாஸ்டனில் இந்தத் தந்திரத்தைக் கூட்டம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிற பெற்றோர் குழுக்கூட இருந்தது. உங்களுக்குப் பிடித்ததில் கூட்டம் குறைவான பள்ளியைக் கண்டுபிடித்து அதை முதலில் போடுங்கள் என்பது அவர்கள் பாடம். கூட்டத்துக்குப் போக நேரமும் தகவலும் உள்ளவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் உண்மையை எழுதி ஏமாந்தார்கள். பொருளாதார அறிஞர்கள் அதில் உள்ள ஓட்டையை எடுத்துக்காட்ட, 2005-இல் அந்த நகரம் முறையையே மாற்றியது. மாற்றாக வந்த முறைக்கு மூலம் 1962-இல் கேல், ஷாப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள் எழுதிய ஒரு சிறு கட்டுரை. அவர்களில் ஷாப்லிக்கும், இதைப் பள்ளிச் சேர்க்கை வரை கொண்டுவந்தவர்களில் ஒருவரான ரோத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. பள்ளிக்குப் பள்ளி வெவ்வேறு முன்னுரிமை இருக்கும் ஊருக்கு அந்த முறை தேவை. நம்முடைய சேர்க்கையில் அவ்வளவு சிக்கல் இல்லை, எண் வரிசைப்படி போனாலே போதும். நாளைக்கே அண்ணன் தங்கை படிக்கும் பள்ளிக்கு முன்னுரிமை தரலாம் என்று முடிவெடுத்தால் (தர வேண்டும் என்பது என் ஆசை) அப்போது அதைப் புரட்டிக்கொள்ளலாம்.

வாஷிங்டனில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கே இப்படி ஒரு பொதுக் குலுக்கல் இருக்கிறது, 2014-15 கல்வியாண்டிலிருந்து. 12 பள்ளிகள் வரை வரிசைப்படுத்தலாம். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம்: ஒரு பிள்ளைக்கு நான்காவது விருப்பம் கிடைத்தால், அதற்கு மேலே எழுதிய மூன்று பள்ளிகளின் காத்திருப்புப் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயர் தானாகவே சேர்ந்துவிடும். கீழே எழுதியவற்றிலிருந்து பெயர் போய்விடும். நம் பொறியியல் கலந்தாய்விலும் கிடைத்த இடத்தை உறுதி செய்துகொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கும் வசதி இருக்கிறது. யாரும் பள்ளி வாசலில் நின்று, “சார், யாராவது வேணாம்னு சொன்னாங்களா?” என்று கேட்கத் தேவையில்லை.

முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொல்லைப்புறக் கதவைப் பூட்டாவிட்டால் பயனில்லை என்பதற்கும் அதே வாஷிங்டன்தான் சாட்சி. அந்த நகரப் பள்ளிகளின் தலைவர் தன் மகளை ஒரு மேல்நிலைப் பள்ளிக்குக் குலுக்கலைத் தாண்டி மாற்றிக்கொண்டார். விஷயம் வெளியே வந்ததும் 2018 பிப்ரவரியில் பதவி விலக வேண்டியதாயிற்று.

இதனால்தான் நம்பிக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெல்லியும் மகாராஷ்டிராவும் பல பள்ளிகளுக்கும் சேர்த்துக் கணினியில் குலுக்குகின்றன, அதனால் இது புதிய துணிச்சல் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் மக்களிடம் கம்ப்யூட்டர் குலுக்கல் என்றால் முகம் மாறும். இப்போது நடக்கும் சீட்டுக் குலுக்கலில் ஒரு பெரிய நல்லது இருக்கிறது. ஒரு குழந்தையைக் கூப்பிட்டுச் சீட்டை எடுக்கச் சொல்கிறார்கள், பெயரை உரக்கப் படிக்கிறார்கள், கிடைக்காதவர்கூட அதிர்ஷ்டமில்லை என்று போகிறார். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரையில் ஒரு முடிவை மட்டும் காட்டினால், காசு வாங்கிவிட்டார்கள் என்றுதான் பேச்சு வரும். அந்தப் பேச்சுக்கு நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே குலுக்கலை மக்கள் முன்பே நடத்துங்கள். விண்ணப்பங்கள் முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளையும் விண்ணப்ப எண் வரிசையில் ஒரு பட்டியலாக வெளியிடுங்கள். எந்த இலக்கங்களிலிருந்து எப்படிச் சமவாய்ப்பு எண்கள் உருவாகும் என்பதையும் முன்பே அறிவியுங்கள். அப்புறம் ஒரு பொது இடத்தில், கேமரா முன்னால், அந்தத் தொடக்க இலக்கங்களைப் பெட்டியிலிருந்து ஒரு குழந்தை எடுக்கட்டும். அதன் பிறகு நடப்பதை யார் வேண்டுமானாலும் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். விண்ணப்ப எண், சமவாய்ப்பு எண், விருப்ப வரிசை, கிடைத்த பள்ளி ஆகிய நான்கையும் பெயர் இல்லாமல் வெளியிட்டால் போதும். எண் 412-க்குக் கிடைக்காத பள்ளி எண் 600-க்குக் கிடைத்திருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எங்கள் கடையில் உட்கார்ந்திருக்கும் பத்தாம் வகுப்புப் பையனே கண்டுபிடித்துவிடுவான். இப்போது தனித்தனியாக நடக்கும் குலுக்கல்களில் எது ஒழுங்காக நடந்தது, எது நடக்கவில்லை என்று அப்படிச் சரிபார்க்க முடியுமா?

ஒவ்வொரு பள்ளியிலும் கடைசியாக இடம் கிடைத்த எண் எது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்த ஆண்டு பெற்றோருக்கு அது உதவும். முதல் விருப்பத்தை மாற்றுவதற்கு அல்ல. ஐந்தில் ஒன்றையாவது கிடைக்க வாய்ப்புள்ளதாகச் சேர்த்துக்கொள்வதற்கு. ஐந்து என்ற வரம்பு இருக்கும்வரை அந்தக் கவலை இருந்துகொண்டுதான் இருக்கும். ஐந்தும் கூட்டமான பள்ளியாகப் போட்டுவிட்டால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். வரம்பைப் பத்தாக்கினால் அதுவும் குறையும். காகிதமா தீர்ந்துபோகப் போகிறது?

இன்னொரு பக்கம், வட சென்னையில் பல வீடுகளின் உண்மையான முதல் விருப்பம் பட்டியலிலேயே வராது. உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புக்குப் பிறகு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் பொருந்துவதில்லை, நான்கு தெரு தள்ளி இருக்கும் கான்வென்ட்டைக் காட்டி, “அது ஏன்ணா வரல?” என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் இதைத்தான் விளக்கிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தீர்ப்பை இன்னும் பெரிய அமர்வு பார்க்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது உங்கள் கையில் இல்லை, விடுங்கள்.

2025-26-இல் நடந்ததும் முழுக்க உங்கள் கையில் இல்லை. ஒன்றிய அரசு நிதியை நிறுத்தி வைத்ததால் ஏப்ரலில் திறக்க வேண்டிய சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. அதற்குள் பள்ளிகள் திறந்து மாதங்கள் ஆகிவிட்டதால், ஏற்கெனவே எல்கேஜியில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்குள்தான் தேர்வு நடந்தது. அதாவது ஜூனிலேயே கட்டணம் புரட்டிக் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள். கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் என்றார்கள், நல்லதுதான். ஜூனில் புரட்ட முடியாதவர்தானே இந்தச் சட்டம் யாருக்காக வந்ததோ அவர்? அப்படிப்பட்டவர்கள் மாநகராட்சிப் பள்ளி எல்கேஜியிலோ அங்கன்வாடியிலோ பிள்ளையைச் சேர்த்துவிட்டார்கள். அங்கே நன்றாகச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தனியார் பள்ளிதான் எல்லாம் என்று நான் சொல்வதாக ஆகிவிடும். நிதி எப்போது வந்தாலும், குலுக்கலை வழக்கமான தேதிகளிலேயே முடித்து முடிவை வெளியிட்டுவிட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

பள்ளி நிர்வாகங்கள் எதிர்க்கலாம். குலுக்கல் தங்கள் வளாகத்தை விட்டுப் போவதைச் சிலர் விரும்ப மாட்டார்கள். விரும்பாததற்குக் காரணம் என்ன என்று அவர்களிடமே கேட்டால் போதும் என்று நினைக்கிறேன். பெற்றோரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வரிசை போடத் தெரியாது என்று ஓர் ஆட்சேபம் வரும். எது முதல், எது அடுத்தது என்று சொல்ல எழுத்து தேவையில்லை; என் கடைக்கு வரும் அம்மாக்கள் விரலால் திரையைத் தொட்டுக் காட்டுவார்கள், நான் எண் போடுவேன். அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒரே வாக்கியம்: “உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதை முதல்ல சொல்லுங்க, அதனால உங்களுக்கு எந்த நஷ்டமும் வராது.” இன்றைக்கு அந்த வாக்கியத்தைச் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை.

மாநிலம் முழுவதும் ஒரே ஆண்டில் மாற்றச் சொல்லவில்லை. முதலில் சென்னை மாவட்டத்தில் மட்டும், அதுவும் எல்கேஜிக்கு மட்டும் செய்து பாருங்கள். விண்ணப்பம் திறப்பதற்கு ஒரு மாதம் முன்னதாக விதிகளை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டு இ-சேவை மையங்களுக்கும் எங்களைப் போன்ற கடைகளுக்கும் அனுப்பினால் கண்ணாடிக் கதவில் ஒட்டிவிடுகிறேன். அந்த வாரத்தில் ஒரு நாள் உங்கள் அலுவலர் ஒருவர் வந்து கடையில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. சந்தேகங்களை அவரிடமே கேட்டுக்கொள்வார்கள், நானும் ஸ்கேன் வேலையைப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை.